கழுத்துக்கறியும் கங்காரு வாலும்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவரும் அவர் நாத்தனாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே கடையில், ஒரே ஆட்டில் கறி வாங்கியிருக்கிறார்கள். நாத்தனார் விடியலிலேயே போய், கூடுதல் விலை கொடுத்து எலும்பில்லாத தொடைக்கறியாக வாங்கிவிட்டார். இவர் போனபோது மிஞ்சியது கழுத்தும் நெஞ்செலும்பும் முன்னங்கால் சப்பையும்தான். மதியம் பார்த்தால் நாத்தனார் வீட்டுக் குழம்பில் கறி வறண்டு நார்நாராகக் கிடக்கிறது. இவர் வீட்டிலோ எலும்பை விட்டுக் கறி தானாகக் கழன்று வருகிறது. "மட்டமான கறிதான் நல்லா வேகுமா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

மட்டம் என்று யார் சொன்னது? ஆடு நாள் முழுக்கக் குனிந்து மேய்கிறது, நிமிர்ந்து தழை கடிக்கிறது. கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் ஓய்வே கிடையாது. உழைக்கிற தசையைக் கட்டி நிறுத்த வலுவான சவ்வு வேண்டும். கறி வெட்டும்போது வெள்ளையாக, வழுக்கலாக, கத்திக்கு டிமிக்கி கொடுக்குமே, அதுதான். அதன் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம்.

கொலாஜனின் கட்டமைப்பு எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். தென்னை நாரைத் தொடையில் வைத்துக் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார்கள். பிறகு புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். புரி அவிழப் பார்த்தால் கயிறு இறுகும், கயிறு அவிழப் பார்த்தால் புரி இறுகும். கொலாஜனும் அப்படியே ஒரு முப்புரிக் கயிறு. ஒவ்வொரு புரியும், புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் ஏறக்குறைய ஆயிரம் கோத்த சங்கிலி. தனித்தனியாக அவை இடப்பக்கம் சுருண்டிருக்கும், மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். மூன்று புரியும் நெருங்கும் நடுப்பகுதியில் இம்மியளவுதான் இடம். அங்கே நுழையக்கூடியது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும். அதனால் சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று தவறாமல் கிளைசின்.

இதைக் கண்டுபிடித்தது சென்னையில். 1952இல் பிரிட்டனிலிருந்து சென்னைக்கு வந்த அறிவியலாளர் பெர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் இயற்பியல் பேராசிரியராகியிருந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு வயது 30. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் கங்காரு வால் தசைநாரை வாங்கி, எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் படம் எடுத்தார். 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து மும்முறுக்கு வடிவத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டு, அடுத்த ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். கேம்பிரிட்ஜில் இதே புதிரில் இறங்கியிருந்த ஆய்வாளர்கள் கிரிக்கும் ரிச்சும், உங்கள் வடிவத்தில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கும் என்று பார்க்க உட்கார்ந்த வேலைதான் 1963இல், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடமாக முடிந்தது. இன்று உலகில் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. கங்காரு வாலை ஆராயப் பணம் வேண்டும் என்று இன்றைக்கு ஒருவர் விண்ணப்பித்தால், 'நாட்டுக்கு என்ன பயன்' என்ற கட்டத்தில் என்னத்தை எழுதுவார்? அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

சரி, குக்கருக்கு வருவோம். சூடு ஏறும்போது தசைப் புரதங்கள் முட்டை வெள்ளைக்கரு போல உறைகின்றன. 60, 65 டிகிரியில் கொலாஜன் சவ்வு சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோலக் கறியின் சாற்றைப் பிழிந்துவிடும். 'வேகவே மாட்டேங்குது' என்று நாம் சலித்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். விடாமல் சூடு கொடுத்தால் முறுக்கு அவிழ்கிறது. புரிகளைப் பிணைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, இடையில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. அதுதான் ஜெலட்டின். நாரை விட்டு நார் பிரிகிறது, வறண்ட நார்மேல் வழவழப்பு பூசிக்கொள்கிறது. தொடைக்கறியிலும் சாறு வெளியேறத்தான் செய்கிறது, ஆனால் ஈடுகட்ட அங்கே போதிய கொலாஜன் இல்லை. நாத்தனார் தோற்றது இங்கேதான். ஆட்டுக்கால் சூப்பை இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் கட்டியாகி அல்வாபோல ஆடுகிறதே, அவிழ்ந்த புரிகள் குளிரில் அரைகுறையாக மறுபடி முறுக்கிக்கொண்டு தண்ணீரைச் சிறைபிடித்ததன் விளைவு அது.

ஆடு வயதாக ஆக ஒரு கயிற்றுக்கும் பக்கத்துக் கயிற்றுக்கும் இடையே முடிச்சுகள் கூடும். முத்தல் கறிக்கு அதிக நேரம் பிடிப்பது அதனால்தான். மீன் கொலாஜனில் பிணைப்பு தளர்வு, ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் நடப்பதோ நேர்மாறு. கொலாஜன் அவிழவே கூடாதென்று அதற்கு மேலும் முடிச்சுப் போடுகிறார்கள். ஒரே ஆடு, உள்ளே இருப்பதை அவிழ்க்க நாம் பாடுபடுகிறோம், வெளியே இருப்பதைக் கட்ட அவர்கள்.

குழம்பில் கொட்டாங்குச்சித் துண்டு போட்டால் கறி சீக்கிரம் வேகும் என்பார்கள். என் பாட்டியும் போடுவார். காய்ந்த ஓட்டில் கறியைக் கரைக்கிற சரக்கு ஒன்றும் இல்லை, அது சும்மா கூட வேகிறது. பப்பாளிக்காய் வேறு விஷயம். அதன் பாலில் உள்ள பப்பைன் நொதி புரதத்தை உண்மையாகவே வெட்டும். கால் சூப் குடித்தால் மூட்டுக்கு நேராகக் கொலாஜன் போய்ச் சேரும் என்பதும் நம்பிக்கைதான். வயிறு அதை மற்றப் புரதம்போலவே துண்டுதுண்டாக்கிவிடும். அதையே பொடியாக்கி டப்பாவில் அடைத்து விற்பவர்களுக்குக் கொடுக்கும் காசில் எத்தனை ஆட்டுக்கால் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரும்புச்சத்துதான் வேண்டுமென்றால் ஈரலோ சுவரொட்டியோ வாங்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. உள்ளாட்சி இறைச்சிக்கூட முத்திரை, வெள்ளையாக இறுகிய கொழுப்பு, பிசுபிசுப்பில்லாத மேற்பரப்பு, நாற்றமில்லாத வாசனை. புதிதாக வெட்டிய இடம் கருஞ்சிவப்பாக இருந்து, காற்றுப் பட்டதும் பளிச்சென்று சிவக்கும். நிறம் கொஞ்சம் மங்கியதாலேயே கெட்டுவிட்டது என்று ஒதுக்க வேண்டாம், மூக்கை நம்புங்கள். நெஞ்செலும்பு வாங்கினால் எலும்பின் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லா வாரமும் அது லாபம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

"எத்தனை விசில்?" என்றும் வாசகி கேட்டிருந்தார். விசில் கடிகாரம் அல்ல. தீயைக் கூட்டினால் பத்து நிமிடத்தில் ஆறு விசில் வரும், கொலாஜனுக்கு அது போதாது. முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வையுங்கள். உள்ளே 120 டிகிரியை ஒட்டி நிற்கும். இளங்கறிக்கு இருபது நிமிடம், முத்தலுக்கு நாற்பது, கால் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பிரஷர் தானாக இறங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். நாத்தனாரிடம், தொடைக்கறியை அடுத்த முறை சின்னதாக நறுக்கிப் பப்பாளிக்காய் விழுது தடவி வைத்துச் சுக்கா போடச் சொல்லுங்கள்.