எண்ணிக்கையில் வராத பாதசாரிகள்

நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் வண்டிகள் ஏறி இறங்கும் இணைப்புச் சாலைகள், பிரேக்கை அதிகம் மிதிக்காமலே திரும்பும்படி அகன்ற வளைவுகளாக அமைக்கப்படுகின்றன. ஒரு வளைவில் வண்டி தடுமாறாமல் செல்லக்கூடிய வேகம், அதன் ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆரம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காகும், மோதலின் ஆற்றலோ நான்கு மடங்காகும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் ஒன்றரை விநாடியையும் சேர்த்து, உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 18 மீட்டருக்குள் நின்றுவிடும், 60 கி.மீ. வேகத்தில் அதற்கு 45 மீட்டர் தேவைப்படும். போதாக்குறைக்கு, பிரதான சாலையில் சேரும் ஓட்டுநர் இடைவெளி தேடிப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும் அதே கணத்தில்தான் பாதசாரி அவருக்கு முன்னால் கடக்கிறார்.

இத்தகைய இடங்களைச் சீரமைக்க முனைவோர், விபத்துப் பதிவேட்டையும் கடப்போரின் எண்ணிக்கையையும் முதலில் பார்ப்பார்கள். இரண்டும் குறைவாக இருந்தால் அங்கே சிக்கல் இல்லை என்று முடிவு செய்வது எளிது. ஆனால், பயந்து சுற்றுவழியில் போகிறவரையும் சைக்கிளையே கைவிட்டவரையும் எந்தக் கருவியும் எண்ணுவதில்லை. பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதை வெறும் சடங்காகக் கருதக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்: வராதவர்களைப் பற்றிய தகவல் வேறு வழியில் கிடைக்காது.

எல்லாக் கருத்தும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. "அந்த இடம் ஆபத்தானது" என்பதை வைத்துப் பொறியாளர் எதையும் வரைய முடியாது. "கடக்கும் இடத்தில் என் பிள்ளை நின்றால் தடுப்புச்சுவர் மறைக்கிறது, வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது" என்றால், குழந்தையின் கண் உயரத்திலிருந்து எத்தனை மீட்டர் தெரிகிறது என்று அளந்து, வண்டி நிற்கத் தேவையான தூரத்துடன் ஒப்பிடலாம். மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் அளக்க முடியும்; சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட முறை, ஒருவர் விலகத் தொடங்கிய கணத்தில் மோதலுக்கு எத்தனை விநாடி மீதமிருந்தது என்று கணக்கிடுகிறது.

தீர்வுகளும் இவ்வாறே சோதிக்கப்படுகின்றன. நொடிக்கு 1.2 மீட்டர் நடைவேகம் என்று வைத்துக் கணக்கிட்ட சிக்னல், 12 மீட்டர் அகலச் சாலைக்கு 10 விநாடி தரும், நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ 15 விநாடி வேண்டும். நடைமேம்பாலம் கட்டினால், கீழே செல்லும் லாரிகளின் உயரத்தைத் தாண்டி ஏறியாக வேண்டும்; சுரங்கப்பாதையில் சைக்கிளோட்டியின் தலை இடிக்காத உயரம் போதும், இறங்கும்போது பெற்ற வேகமும் மறுபுறம் ஏற உதவும். ஆனால், இருட்டான சுரங்கப்பாதையைப் பெண்கள் தவிர்ப்பார்கள் என்பதை வரைபடம் சொல்லாது, அவர்களைத்தான் கேட்க வேண்டும். நெதர்லாந்தின் ஐந்தோவனில் 2012-இல் திறக்கப்பட்ட ஹோவன்ரிங், சந்திப்புக்கு மேலே வடங்களில் தொங்கும் 72 மீட்டர் விட்டமுள்ள சைக்கிள் வட்டம். அழகானதுதான், எனினும், இணைப்புச் சாலையின் வளைவை இறுக்கி வண்டிகளை மெதுவாக்குவதே பல இடங்களில் போதுமான, செலவு குறைந்த வழி.

அந்த வளைவைத் தீர்மானிப்பதற்கு முன்பே கருத்துக் கேட்டிருக்க வேண்டும். பாலத்தின் தூண்கள் எழுந்த பிறகு கேட்டால், மாற்றுவதற்கு மிஞ்சியிருப்பவை சாலைக் கோடுகளும் விளக்குகளும் பலகைகளும் மட்டுமே.