அம்மாவின் கையெழுத்தில் வீட்டுப்பாடம் வேண்டாம்

மழை விடுமுறை விட்டால் போதும், நான் பாடம் நடத்தும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அழகான கையெழுத்து வந்து குவிகிறது. எல்லாம் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் எழுதியவையாம். ஒரு கோணல் இல்லை, அழித்துத் திருத்திய தடம் இல்லை, கோட்டுக்கு வெளியே ஓர் எழுத்துக்கூடச் சரியவில்லை. சென்ற வாரம் வந்த படம் ஒன்றில் 'யானை' என்ற சொல் இருந்தது. அதில் 'னை' பழைய பாணியில், முன்னால் துதிக்கை போல் வளைந்த கொம்போடு எழுதப்பட்டிருந்தது. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்திய பிறகு எந்தப் பாடநூலிலும் அந்த வடிவம் கிடையாது. எட்டு வயதுக் குழந்தை அதை எங்கே கற்றிருக்கும்? தாத்தா எழுதியிருக்கிறார். கீழே "சூப்பர்" என்று வாழ்த்தி நான்கைந்து பெற்றோர் பதில் போட்டிருந்தார்கள்.

இந்த ஆண்டு இது எத்தனையாவது முறை என்று எண்ணிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து செய்யச் சொல்லி நான் அனுப்பும் வேலை, குழந்தைக்கு என்ன தெரியவில்லை என்று நான் அறிந்துகொள்வதற்காக. நீங்கள் எழுதி அனுப்பினால் உங்களுக்குத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியவரும். காய்ச்சலை மாத்திரையால் அமுக்கிவிட்டுக் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துப் போவது போன்றது இது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்று. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, பள்ளிக்கூட வாசலை முதன்முதலாக மிதித்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, வாட்ஸ்அப்பில் பாடம் போனது, படங்கள் திரும்பி வந்தன. படம் வந்துவிட்டால் பாடம் நடந்துவிட்டது என்று வீடும் நம்பியது, பள்ளியும் நம்பியது. அந்தப் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. 2021 அக்டோபரில் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய, தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வியும், தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அந்த இடைவெளியை அடைக்க வந்தவை. இடைவெளி விழக் காரணமான பழக்கம் மட்டும் இன்னும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. புயல் விடுமுறை, தேர்தல் விடுமுறை, கோடை விடுமுறை என்று எது வந்தாலும் அது எழுந்து வந்துவிடுகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் கவலை தருவது வாசிப்பு வீடியோக்கள். "பாடம் முழுவதையும் கடகடவென்று படிக்கிறான் டீச்சர்" என்று பெருமையோடு அனுப்புகிறார்கள். அந்த வீடியோவைச் சத்தம் இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். குழந்தையின் கண் புத்தகத்தில் இருக்காது. செல்போனுக்குப் பின்னால் நிற்கும் அம்மாவின் உதட்டில் இருக்கும், அல்லது எங்கோ சுவரில் இருக்கும்.

இப்படி வீடியோக்களில் வெளுத்து வாங்கிய ஒரு பையனை வகுப்பில் அருகே அழைத்து, அதே பாடத்தின் கடைசி வரியில் மூன்றாவது சொல்லில் விரல் வைத்து, "இது என்ன சொல்?" என்று கேட்டேன். அவன் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ராகத்தோடு தொடங்கினான். ஒப்பித்துக்கொண்டே இறங்கி வந்தவன், என் விரல் இருந்த இடத்தைத் தாண்டிப் போய் பாடத்தை முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் பொய் சொல்லவில்லை. படிப்பது என்றால் இதுதான் என்று அவன் உண்மையாகவே நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் அம்மாவும் அப்படித்தான் நம்புகிறார்.

தயவுசெய்து இதை நிதானமாகக் கேளுங்கள். பத்து முறை காதால் கேட்ட பாடத்தைச் சொல்வது வாசிப்பு அல்ல. அது நினைவாற்றல். நல்ல திறமைதான், ஆனால் வேறு திறமை. இதுவரை பார்த்தே இராத ஒரு சொல்லைக் கண்ணால் கண்டு, எழுத்தைக் கூட்டி, ஒலியாக்கி, பொருளும் புரிந்துகொள்வதுதான் வாசிப்பு. 'பட்டம்', 'பாடம்', 'படகு' என்று படத்துக்குக் கீழே இருப்பதைச் சொல்லும் குழந்தை பல நேரம் படத்தைத்தான் படிக்கிறது. படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேளுங்கள். சொல்லின் இடத்தை மாற்றிக் கேளுங்கள். 'கபுமி', 'தெலாடு' என்று பொருளே இல்லாத சொற்களைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். எழுத்துத் தெரிந்த குழந்தை சிரித்துக்கொண்டே படித்துவிடும். மனப்பாடம் செய்த குழந்தை திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பைப் பார்த்தால் கோபப்படாதீர்கள். உங்களுக்கு இப்போதுதான் உண்மை கிடைத்திருக்கிறது.

தமிழில் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் எங்களுக்குத் தெரிந்தவைதான். உயிர்மெய்யில், அதிலும் கொம்பு வரும் எழுத்துகளில். 'கொ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கண் இடமிருந்து வலமாகப் போகும்போது, குழந்தை கொம்பைத் தனியாகவும் 'கா'வைத் தனியாகவும் பார்த்துக் குழம்பும். பிறகு குறில் நெடில், பிறகு ல, ள, ழ. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் அங்கிருந்து கைபிடித்து அழைத்துப் போகலாம்.

வீட்டில் வாசிக்க என்ன செய்யலாம் என்றால், செல்போன் தேவையே இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் "கதவைச் சாத்து", "பாட்டிக்குத் தண்ணீர் கொடு" என்று எழுதி நீட்டுங்கள். வாயால் சொல்லக் கூடாது. குழந்தை படித்துவிட்டுச் செய்ய வேண்டும். செய்துவிட்டால் படித்துவிட்டது என்று பொருள், வீடியோ எதற்கு? அரிசி மூட்டை, கல்யாணப் பத்திரிகை, பஸ்ஸின் பெயர்ப்பலகை, பலசரக்குச் சீட்டு எல்லாம் வாசிப்பதற்குத்தான் வீட்டைச் சுற்றிக் கிடக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் "எனக்கு என்ன தெரியும் டீச்சர்" என்று ஒதுங்கிப் போகிறீர்களே, அது வேண்டாம். பிள்ளையை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு "கதையில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். விரலும் வாயும் சேர்ந்து போகிறதா என்று பார்க்க உங்களுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

எழுத்துக்கு வருகிறேன். செல்போன் திரையைப் பார்த்து நான்கு பக்கம் எழுத வைப்பதை நிறுத்துங்கள். அது கைக்குப் பயிற்சி, அவ்வளவுதான். நீங்கள் வாயால் ஐந்து சொல் சொல்லுங்கள், குழந்தை பார்க்காமல் எழுதட்டும். 'கோழி' என்று சொன்னதற்கு 'கொளி' என்று எழுதினால், அதை அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்த ஒரு சொல்லில் எனக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன: நெடிலுக்கு இரட்டைக் கொம்பு வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை, ழகரம் காதில் விழவில்லை. நான்கு பக்க அச்சுப் போன்ற கையெழுத்தில் எனக்கு ஒரு செய்தியும் இல்லை. ரப்பரை எடுத்து உள்ளே வையுங்கள்.

சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால், "பசு ஒரு சாதுவான விலங்கு" என்று நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். "எங்க ஆடு மழையில் நனைஞ்சி அழுதுச்சி" என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். வீட்டில் அதை அடித்துவிட்டு, ஆட்டின் பயன்களை வரிசையாக எழுத வைத்திருந்தார்கள். அடித்த கோட்டுக்குக் கீழே அவளுடைய வரி தெரிந்ததால்தான் எனக்குப் படிக்கக் கிடைத்தது. பேச்சுத் தமிழில் எழுதினால் எழுதட்டும். ஏழு வயதில் அப்படித்தான் தொடங்க முடியும், எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை.

கணக்கில் எனக்கு வருவது வாய்ப்பாட்டு வீடியோ. வாய்ப்பாடு தெரிய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏழு எட்டு என்ன என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து தொடங்குகிற குழந்தை, வாசிப்பில் பார்த்த அதே இடத்தில்தான் நிற்கிறது. இட்லித் தட்டில் நான்கு குழி, மூன்று தட்டு வைத்தால் எத்தனை இட்லி, இன்னொரு தட்டு வைத்தால் எத்தனை என்று கேளுங்கள். கடன் வாங்கிக் கழித்தலுக்கு வருவோம். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐ எடுத்துவிடுகிறார்கள். "தவறு, 25" என்று அழித்து எழுதிவிட்டால் அடுத்த கணக்கிலும் அதையேதான் செய்வார்கள். தென்னை ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நான்கு கட்டு, உதிரியாக இரண்டு குச்சி வையுங்கள். பதினேழு குச்சி கேளுங்கள். ஒரு கட்டைக் கொடுத்துவிடும். ஏழு உதிரி கேட்கும்போது கையில் இரண்டுதான் இருக்கும், சற்று யோசித்துவிட்டு ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவிழ்க்கும். அவிழ்க்கச் சொல்லி நீங்கள் சொல்லாதீர்கள், பொறுத்திருங்கள். குச்சி இல்லாத வீட்டில் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் காகிதத்தில் மடித்து வைத்தாலும் போதும்.

வண்ண வண்ணமாக விடையைத் தொடச் சொல்லும் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக: மூன்று விடைகளையும் தொட்டுப் பார்த்துச் சரியானதைப் பிடிப்பது கணக்கு ஆகாது.

சக ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இருபது பக்கப் பிடிஎஃப் அனுப்பாதீர்கள். பல வீடுகளில் இருப்பது ஒரே செல்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறது. அதன்பிறகு தூங்கும் குழந்தையை எழுப்பி எழுத வைக்கிறார்கள், முடியாதபோது தாங்களே எழுதுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு வாசிப்பு, ஒரு கணக்கு, ஒரு வரி எழுத்து, அதைக் குரல் பதிவாகச் சொல்லிவிட்டால் போதும். அழகான கையெழுத்துக்கு மட்டும் குழுவில் நட்சத்திரம் போடுவதையும் விட்டுவிடுங்கள். அந்த நட்சத்திரத்துக்காகத்தான் தாத்தா பேனா எடுக்கிறார். பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நாம் பிரித்து வைத்திருப்பது கற்பிக்கும் வசதிக்காக. "என் பிள்ளை இன்னும் அரும்பிலா?" என்று ஒரு தாய் குனிந்த தலையோடு கேட்கும்படி அதை நாம் சொல்லக் கூடாது.

பெற்றோருக்கு: ஒரு நாளில் எல்லாம் சேர்த்து அரை மணி, முக்கால் மணி. அதற்கு மேல் வேண்டாம். அடி வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம். புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தால் முதலில் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இரண்டாம் வகுப்பு முடிந்தும் எழுத்துகளே நினைவில் நிற்கவில்லை என்றால் சோம்பேறி என்று திட்டாமல் வகுப்பாசிரியரிடம் வந்து பேசுங்கள். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வழிகள் இருக்கின்றன, சீக்கிரம் வந்தால் நல்லது.

அடுத்த மழை விடுமுறையில் எனக்குப் படமே அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. பள்ளி திறக்கும் நாளில் பிள்ளையின் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: "கொ, கோ குழம்புகிறது", "கடன் வாங்கத் தெரியவில்லை", "நாலு வரிக்கு மேல் படிக்க மறுக்கிறாள்". எழுதத் தெரியாவிட்டால் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். அன்றைக்குக் காலை முதல் பாடவேளையை அங்கிருந்தே தொடங்கிவிடுகிறேன்.