கஞ்சாவில் கிறக்கம் எங்கிருந்து வருகிறது?

கலிஃபோர்னியாவில் உரிமத்தோடு நடக்கும் கஞ்சாக் கடைகளில் ரகங்களை இரண்டாகப் பிரித்து விற்கிறார்கள். சட்டைவா என்றால் உற்சாகம், சிரிப்பு, பேச்சு. இண்டிகா என்றால் உடம்பு தளர்ந்து தூக்கம். வாங்குகிறவர்களும் இதை அப்படியே நம்புகிறார்கள். ஆனால் பல பத்தாண்டுகளாக ஒன்றோடொன்று கலப்பு செய்யப்பட்ட செடிகள் இவை. 2015-இல் கனடாவில் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே பெயர் கொண்ட மாதிரிகள்கூடப் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. போதையின் காரணத்தைப் பெயரில் தேடிப் பயனில்லை, பூவில் தேட வேண்டும்.

பெண் பூவை லென்ஸ் வைத்துப் பார்த்தால், அதைச் சுற்றியுள்ள சிற்றிலைகளின் மேல் பொடிப்பொடியாகச் சுரப்பித் தூவிகள் தெரியும். மெல்லிய காம்பு, அதன் உச்சியில் கண்ணாடி போன்ற உருண்டை. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் பிசின் அந்த உருண்டைக்குள்தான் சேர்கிறது. மகரந்தம் பட்டுவிட்டால் செடியின் சத்து விதைக்குப் போய்விடும், பிசின் குறையும். வங்காளத்தின் நவ்காவ் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இது தெரிந்திருந்தது. ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்கிப் போடுவதற்கென்றே அங்கே அனுபவசாலிகளைக் கூலிக்கு வைத்திருந்தார்கள்.

பிசினுக்குள் முதலில் உருவாவது கன்னாபிஜெரோலிக் அமிலம். இது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் ரகத்தின் தலையெழுத்து இருக்கிறது. ஒரு நொதி இதை, கிறக்கம் தரும் பொருளான டி.எச்.சி.யின் அமிலமாக மாற்றும். இன்னொன்று, கிறக்கம் தராத சி.பி.டி.யின் அமிலமாக மாற்றும். 2003-இல் இருவகைச் செடிகளையும் கலப்பு செய்து வளர்த்தார்கள். இரண்டாம் தலைமுறையில் டி.எச்.சி. செடி, இரண்டும் கலந்த செடி, சி.பி.டி. செடி என்று 1:2:1 விகிதத்தில் வந்தன. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே விகிதம்! நார் எடுக்க வளர்க்கும் சணல்வகைக் கஞ்சா பெரும்பாலும் சி.பி.டி. பக்கம் திரும்பியது, அதைப் புகைத்தால் கிறக்கம் வராததற்கு இதுதான் காரணம். இன்னொன்று, டி.எச்.சி. அமிலம் பச்சையாக இருக்கும்வரை போதை தராது. சூடு பட்டு, கார்பன் டை ஆக்ஸைடு பிரிந்துபோன பிறகுதான் அது டி.எச்.சி. ஆகிறது.

இந்த டி.எச்.சி.யை 1964-இல் இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் போலீஸ் பறிமுதல் செய்த ஹஷீஷ் என்ற கஞ்சாப் பிசினிலிருந்து தனியே பிரித்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். மூளையில் அது போய் ஒட்டும் இடமான சிபி1 ஏற்பி தெரியவந்தது 1988-இல்தான். அந்த ஏற்பி கஞ்சாவுக்காக அங்கே இருக்கவில்லை. ஒரு நரம்பணுவுக்குச் சமிக்ஞை மிதமிஞ்சி வரும்போது, சமிக்ஞையை அனுப்பிய அணுவை நோக்கி அது பின்பக்கமாக ஒரு வேதிப்பொருளை விடுகிறது: ‘போதும், குறைத்துக்கொள்.’ அந்தச் செய்தியை வாங்குவதுதான் சிபி1-இன் வேலை. உடம்பு தானே தயாரிக்கும் ஆனந்தமைடு போன்ற இந்தப் பொருள்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் தோன்றிச் சீக்கிரமே அழிந்துவிடும். டி.எச்.சி. அப்படி இல்லை. எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போகும், மணிக்கணக்கில் தங்கும்.

நடுமூளையில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைனைச் சுரக்கும் அணுக்களை காபா என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் எப்போதும் அடக்கிவைத்திருக்கின்றன. அந்த காபா அணுக்களில் சிபி1 நிறைய உண்டு. டி.எச்.சி. அவற்றை வாயடைக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த மாதிரி, டோபமைன் அணுக்கள் வேகம் பிடிக்கின்றன. சாதாரணப் பாட்டு அபாரமாகக் கேட்பதற்கும், சாதாரணப் பேச்சுக்குச் சிரிப்பு பொங்குவதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அதே நேரம் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸிலும் சிபி1 ஏராளம். அதனால்தான் சொல்ல ஆரம்பித்த வாக்கியம் பாதியில் மறந்துபோகிறது.

சரி, டி.எச்.சி. கூடக்கூட இன்பமும் கூடுமா? கூடாது. 2017-இல் சிகாகோவில் 42 பேரை வைத்து நடந்த சோதனையில், 7.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மன அழுத்தம் குறைந்தது. 12.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பதற்றம் கூடியது. ஐந்து மில்லிகிராம் வித்தியாசத்தில் விளைவு தலைகீழ். பூவில் சி.பி.டி.யும் இருந்தால் இந்தப் பதற்றத்தைத் தணிக்கும் என்று பரவலாகச் சொல்வதுண்டு, ஆனால் சோதனை முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. வாசனைப் பொருள்களில் லிமோனீனுக்கு ஓரளவு ஆதாரம் கிடைத்திருக்கிறது. எலுமிச்சைத் தோலில் இருப்பதும் இதுதான். 2024-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், டி.எச்.சி.யோடு லிமோனீன் ஆவியையும் இழுத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. மற்ற வாசனைகளைப் பற்றிக் கடைகளில் சொல்வதில் பெரும்பகுதி விற்பனைப் பேச்சு என்றே நான் நினைக்கிறேன்.

எனக்குக் கவலை தருவது வேறு. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995-இல் சராசரியாக 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014-இல் 12 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, 10 சதவீதமும் அதற்கு மேலும் டி.எச்.சி. உள்ள கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களைக் கவனித்தது. கஞ்சாவையே தொடாதவர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு அதிகமாகத் தெரிந்தது. பதின்ம வயதில் மூளையின் முன்பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அந்த வளர்ச்சியை நெறிப்படுத்துவதில் சிபி1-க்கும் பங்கு உண்டு. அந்த வயதுப் பிள்ளைகள் கையில் 20 சதவீத ரகம் கிடைப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.