டிரக்கோமா: வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும் கண்நோய்

எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் நடுவயதைக் கடந்த பெண்கள் பலர் தங்கள் இமை மயிர்களைச் சிறு இடுக்கியால் தாங்களே பிடுங்கிக்கொள்கிறார்கள். உட்புறமாகத் திரும்பிய மயிர், இமைக்கும் ஒவ்வொரு முறையும் கருவிழியை உராய்கிறது. அந்த வலியிலிருந்து சில நாட்களுக்கேனும் விடுபட அவர்களுக்குக் கைக்கெட்டிய வழி அதுதான். இதற்குக் காரணமான டிரக்கோமா, பார்வையைப் பறிக்கும் தொற்றுநோய்களில் உலகிலேயே முதலிடத்தில் இருப்பது. ஆனால் இப்பெண்களின் கண்ணில் அந்நோய் குடிபுகுந்தது பெரும்பாலும் அவர்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே.

நோயைத் தருவது கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் என்னும் பாக்டீரியா. பிற உயிரின் செல்லுக்குள் புகுந்தால்தான் அது பெருக முடியும் என்பதால், ஆய்வுக்கூடத்தில் அதை வளர்ப்பது எளிதாக இருக்கவில்லை. 1907இல் ஜாவாவில் நுண்ணோக்கி வழியே அதன் தடயம் கண்டறியப்பட்ட பிறகும், சீன அறிஞர் டாங் ஃபெய்ஃபான் கோழிமுட்டைக் கருவில் அதை வளர்த்து 1957இல் வெளியிடும்வரை அரை நூற்றாண்டு கழிந்தது. அதுவே நோய்க்கிருமி என்று மெய்ப்பிக்க, அவர் அதைத் தம் கண்ணிலேயே செலுத்திக்கொண்டார்.

ஒரேயொரு முறை தொற்றினால் எவரும் பார்வை இழப்பதில்லை; கண் சிவந்து, பீளை தள்ளி, மேலிமையின் உட்புறச் சவ்வில் சிறு மணிகள் தோன்றிப் பின்னர் ஆறிவிடும். குணமான பிள்ளைக்கு நிலைத்த எதிர்ப்பாற்றல் கிட்டாததால் அதே கிருமி மீண்டும் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதை எதிர்க்க உடல் மூட்டும் அழற்சியே சவ்வில் தழும்பை விட்டுச்செல்ல, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தழும்புகள் சுருங்கி இமையின் விளிம்பை உள்நோக்கி இழுக்கின்றன. அதன்பின் கருவிழியைக் கெடுப்பது மயிரின் உராய்வு. அந்தக் கட்டத்தில் கண்ணில் கிருமியே இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே கேட்க வேண்டியது, கிருமி எப்படி வந்தது என்பதைவிட, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதே. பீளை படிந்த விரல்கள், பல முகங்களைத் துடைக்கும் ஒரே துணி, பிள்ளைகள் நெருங்கிப் படுக்கும் பாய் ஆகியவை வழியாக அது ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றிவருகிறது. பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு பெண்கள்மீது விழுவதால், இந்நோயால் பார்வையிழப்பவர்களில் ஆண்களைக் காட்டிலும் பெண்கள் நான்கு மடங்கு வரை இருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுசெல்வதில் மஸ்கா சோர்பன்ஸ் என்னும் ஈக்கும் பங்குண்டு. நம் அடுக்களையில் மொய்க்கும் ஈயின் உறவான இது, கண்ணீரையும் பீளையையும் நாடிக் குழந்தைகளின் முகத்தில் அமர்கிறது. திறந்த வெளியில் கிடக்கும் மனித மலத்தில் செழித்துப் பெருகும் இந்த ஈ, கழிப்பறைக் குழிக்குள் பெருகுவதில்லை. காம்பியாவில் நடந்த ஆய்வுகளில், மருந்து தெளித்து ஈக்களைக் கட்டுப்படுத்திய கிராமங்களில் நோய் குறைந்தது. கழிப்பறை கட்டிய கிராமங்களிலோ முகத்தில் அமரும் ஈக்கள் குறைந்தன.

இதனால்தான் சிகிச்சை தனி நோயாளியை விட்டு ஊரை நோக்குகிறது. பாதிக்கப்பட்ட பகுதிகளில் அசித்ரோமைசின் மாத்திரையோ பாகு மருந்தோ ஆண்டுக்கு ஒருமுறை, நோய் இருக்கிறதா என்று பாராமல், ஏறக்குறைய அனைவருக்கும் தரப்படுகிறது. குழந்தைகளுக்கான அளவை எடைக்குப் பதிலாக ஓர் அளவுகோலில் உயரம் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆறு மாதத்துக்குட்பட்டோருக்கு டெட்ராசைக்ளின் களிம்பு. மருந்தால் கிருமி விரைவில் குறையும் என்றாலும், நீரும் கழிப்பறையும் அரிதான இடங்களில் அது திரும்பிவிடுகிறது: அம்ஹாராவின் சில மாவட்டங்களில் பத்தாண்டு மருந்து விநியோகத்துக்குப் பின்னும் நோய் அடங்கவில்லை.

2018இல் கானாவும் நேபாளமும், 2024இல் இந்தியாவும் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற அளவில் இந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒன்று முதல் ஒன்பது வயதுவரையான பிள்ளைகளில் நோயுள்ளோர் 5 விழுக்காட்டுக்கும் கீழே வர வேண்டும் என்பது அதற்கான நிபந்தனைகளில் ஒன்று. கிருமி அறவே அற்றுப்போனது என்று அதற்குப் பொருளில்லை. முன்பே தழும்பேறிய இமைகள் இனிமேலும் உள்நோக்கித் திரும்பக்கூடும் என்பதால், அத்தகையோரைத் தேடிக் கண்டுபிடித்து இமையை வெளிப்புறமாகத் திருப்பும் அறுவை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் அந்நாடுகளில் தொடர வேண்டியிருக்கிறது.