ரசனையா, நயமா?

காரைக்குடிக் கடைத்தெருவில் புளி எப்படி என்று கேட்டால், 'நயம் சரக்கு ஆச்சி, நம்பி வாங்குங்க' என்பார் கடைக்காரர். பள்ளித் தேர்வில் 'நயம் பாராட்டுக' என்று கேட்பதும் இதே நயம்தான். ஆனால் கவிதையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நம் வாயில் முதலில் வருவது 'ரசனை'.

ரசனை வடசொல். ரஸம் என்றால் சாறு, சுவை. ரஸனா என்றால் நாக்கு. நாக்கில் தொடங்கி, பிற்பாடு பாட்டுக்கும் கூத்துக்கும் போன சொல் அது. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் பழைய புத்தகங்களில் 'இரசனை' என்று இருக்கும். நேர்த்தமிழ் வேண்டுமென்றால் சுவை, சுவைப்பு. ரசிகர் என்பவர் சுவைஞர். சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை, ஏனென்றால் ரசனை படிக்கிறவனிடம் இருப்பது. 'எனக்குப் பிடிக்கல' என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

நயம் அப்படியில்லை. நய என்றால் விரும்பு. நயந்து, நயத்தல் எல்லாம் அதன் வழி வந்தவை. (நெறி, நீதி என்று பொருள்படும் வடமொழி 'நய' வேறு.) விருப்பம், சரக்கின் தரம் இரண்டும் ஒரே சொல்லில். 'நவில்தொறும் நூல்நயம் போலும்' என்கிறது குறள் 783. நட்பை அளக்க வந்த இடத்தில் போகிற போக்கில் நூலுக்கும் அளவுகோல் கிடைத்துவிடுகிறது: ஒவ்வொரு முறை படிக்கும்போதும் இன்பம் தருகிறதா? முதல் தடவை கைதட்டல் வாங்கியதெல்லாம் கணக்கில் வராது.

1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியபோது உடன் நின்றவர் கவிதை ரசிகரான டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்). பட்டமே ரசிகமணி! கவியாகத் தன் காதுக்குப் படாத பாடல்களைக் கம்பன் பாடியதே அல்ல என்று ஒதுக்கியவர். அபாரமான காது, மறுக்கவில்லை. ஆனாலும் தன் நாக்குக்குப் பிடிக்காததை அடுத்தவன் சமையல் என்று தள்ளுவது கொஞ்சம் அதிகம்தான். ரசனையை மட்டும் நீதிபதியாக உட்காரவைத்தால் இப்படித்தான் ஆகும்.

எங்கள் அப்பத்தாவுக்கு இந்தச் சொல்லாராய்ச்சி எதுவும் தெரியாது. நான் எழுதியதைப் படித்துக் காட்டினால், 'இன்னொரு தடவ சொல்லு' என்று எப்போதாவதுதான் கேட்பார். பெரும்பாலும், 'நல்லாருக்குப்பா, சாப்புட்டியா?'