சாட்சியின் நினைவு எதை உறுதியாகச் சொல்லும்?

நாஜி முகாம் காவலராக இருந்தார் என்று குற்றம் சாட்டப்பட்ட ஜான் டெம்யான்யுக் மீதான விசாரணை 1987 பிப்ரவரியில் ஜெருசலேமில் தொடங்கியது. சாட்சியம் அளிக்க வந்த எலியாஹு ரோசன்பர்க், குற்றம் சாட்டப்பட்டவரின் அருகே சென்று, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, நாஜி மரண முகாமான ட்ரெப்லிங்காவின் விஷவாயு அறையை இயக்கிய இவான் இந்த ஆள்தான் என்று கதறினார். எட்டு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் கொல்லப்பட்ட அந்த முகாமில், அறைகளிலிருந்து பிணங்களை அகற்றும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர் ரோசன்பர்க். உயிர் தப்பிய வேறு சிலரும் அதே முகத்தையே அடையாளம் காட்டினார்கள். 1988 ஏப்ரலில் டெம்யான்யுக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1993 ஜூலை 29 அன்று இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம், சந்தேகத்தின் பலனை அளித்து அவரை விடுவித்தது. ட்ரெப்லிங்காவில் பணியாற்றிய 37 முன்னாள் காவலர்களின் வாக்குமூலங்கள் சோவியத் கோப்புகளிலிருந்து வெளிவந்திருந்தன. அவை அந்த இவானின் குடும்பப் பெயரை மார்ச்சென்கோ என்று, அதாவது வேறோர் ஆள் என்று குறிப்பிட்டன.

சாட்சிகள் பொய் சொல்லவில்லை. இந்த வழக்கைக் காட்டி யூத இன அழிப்பையே மறுக்கத் துணிபவர்கள் இருப்பதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ட்ரெப்லிங்காவில் என்ன நடந்தது என்பதும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் காட்டப்படும் ஒரு புகைப்படம் யாருடையது என்பதும் நினைவாற்றலின் முன் வைக்கப்படும் இரு வேறு கேள்விகள். நாள்தோறும் திரும்பத் திரும்ப நிகழ்ந்தவை, பலர் சேர்ந்து அனுபவித்தவை ஆழப் பதிகின்றன. ஆனால் ஒரு முகத்தை நினைவுகூரும்போது, மூளை பழைய பதிவை அப்படியே எடுத்துத் தருவதில்லை. மிச்சமிருக்கும் கூறுகளையும் இடையில் பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் சேர்த்து அதை மறுபடி உருவாக்குகிறது. அப்படி உருவான முகம் உண்மையான நினைவுக்குரிய அதே உறுதியோடு மனதில் நிற்பதால், சாட்சியின் உறுதியை மட்டும் கொண்டு அது சரியா தவறா என்று பிரித்தறிய முடிவதில்லை.

இதை அந்த நீதிமன்றத்தில் விளக்கியவர், டெம்யான்யுக் தரப்பு அழைத்த நெதர்லாந்து உளவியலாளர் வில்லம் வாகெனார். அவர் ஆராய்ந்தது சாட்சிகளின் நேர்மையை அல்ல, 1976 முதல் அவர்களிடம் படங்கள் காட்டப்பட்ட முறையை. காவல்துறையின் ஆல்பத்தில் டெம்யான்யுக்கின் படம் அருகிலிருந்த பல படங்களைவிடப் பெரியதாகவும் தெளிவாகவும் இருந்தது. வட்ட முகமும் வழுக்கை விழத் தொடங்கிய தலையும் கொண்ட வேறு ஆட்கள் அதில் அரிதாகவே இருந்தார்கள். இத்தகைய தொகுப்பைச் சோதிக்க உளவியலில் எளிய வழி ஒன்று உண்டு. குற்றவாளியைப் பார்த்தே இராதவர்களிடம் வாய்மொழி வர்ணனையை மட்டும் கொடுத்து, பொருந்தும் படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். ஒன்றும் அறியாத அவர்களே பெரும்பாலும் சந்தேக நபரின் படத்தைத் தொட்டால், உண்மையான சாட்சி அதைத் தொடுவதற்கு நினைவுதான் காரணம் என்று வாதிட இடமில்லை. ரோசன்பர்க்கின் 1947ஆம் ஆண்டு வாக்குமூலம், 1943 ஆகஸ்ட் கிளர்ச்சியின்போதே இவான் கொல்லப்பட்டதாகச் சொன்னது. அது பிறர் சொல்லக் கேட்டது என்று அவர் பின்னர் விளக்கினார். கேட்டதும் கண்டதும் ஒரே விவரிப்பில் எவ்வளவு இயல்பாகக் கலந்துவிடும் என்பதற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வாகெனாரும் அவருடைய சக ஆய்வாளரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமான சான்று தருகிறது. நெதர்லாந்தில் நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் இருந்த எரிகா முகாம் தொடர்பான வழக்கில் 78 சாட்சிகள் 1940களிலும் 1980களிலும் அளித்த வாக்குமூலங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் பெரும்பாலோர் முகாம் வாழ்க்கையை நுணுக்கமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆயினும் தம்மை வதைத்தவர்களின் பெயரையும் தோற்றத்தையும் சிலர் மறந்திருந்தார்கள். நேரில் கண்ட கொலையைக்கூட மறந்தவர்கள் இருந்தார்கள். அனுபவம் எவ்வளவு கொடியது என்பது மறதிக்கு எதிரான காப்பாக அமையவில்லை.

ஆவணத்தைச் சோதிக்கும் வழி வேறு. நாஜிக்கள் காவலர்களுக்குப் பயிற்சி அளித்த ட்ராவ்னிகி முகாமில் டெம்யான்யுக்கின் பெயரில் வழங்கப்பட்ட 1393 எண்ணுள்ள அடையாள அட்டையை, சோவியத் உளவுத்துறையின் போலித் தயாரிப்பு என்று அவர் தரப்பு வாதிட்டது. தாள், மை, முத்திரை, அதிகாரிகளின் கையெழுத்து ஆகியவற்றை அதே காலத்து அட்டைகளோடு நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டெம்யான்யுக் 1943 மார்ச் 27 அன்று சோபிபோர் என்ற மற்றொரு நாஜி மரண முகாமுக்கு அனுப்பப்பட்டதாக அந்த அட்டையில் எழுதியிருந்தது; ட்ரெப்லிங்காவின் பெயரே அதில் இல்லை. ஜெருசலேமின் முதல் தீர்ப்பில் கண்ணால் கண்ட சாட்சியம் இந்த முரண்பாட்டை மூழ்கடித்துவிட்டது என்பது என் கருத்து.

2009 நவம்பரில் மியூனிக்கில் தொடங்கிய வழக்கு, சோபிபோரைப் பற்றியது. இம்முறை அடையாளத்தை நிறுவும் பாரம் அட்டையின் மீதும், நெதர்லாந்திலிருந்து வந்த ரயில்களின் பயணிகள் பட்டியல்கள் மீதும், வரலாற்று நிபுணர்களின் விளக்கத்தின் மீதும் வைக்கப்பட்டது. சோபிபோரிலிருந்து தப்பிய தாமஸ் பிளாட் சாட்சியம் அளித்தபோது டெம்யான்யுக்கின் முகத்தை அடையாளம் காட்டவில்லை. அந்த முகாம் எப்படி இயங்கியது, காவலர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் அவர் சொன்னார். 28,060 பேரின் கொலைக்கு உடந்தை என்று 2011 மே மாதம் தீர்ப்பளித்த நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீடு முடிவதற்குள், 2012 மார்ச்சில் டெம்யான்யுக் இறந்தார்.