கீவே வெட்டியதும் ஷாப்ட் ஏன் வளைகிறது?

சிங்கப்பூரின் துவாஸில் படகுப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் வாசகர் கேட்டிருக்கிறார்: "லேத்தில் கடைந்தபோது நேராக இருந்த எவர்சில்வர் புரொப்பெல்லர் ஷாப்ட், கீவே வெட்டிக் கழற்றியதும் வளைந்துவிட்டது. என் கைராசி சரியில்லை என்கிறார்கள். காரணம் என்ன?"

ஷாப்ட் என்பது புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு; கீவே என்பது இரண்டையும் பிணைக்கும் சிறு கட்டை பொருந்துவதற்காக அந்தத் தண்டில் நீளவாக்கில் வெட்டும் பள்ளம். கைராசி என்று ஒரு தொழிலாளியின் மனத்தை நோகடிப்பது அநியாயம். வளைவதற்கான விசை அந்தக் கம்பி பட்டறைக்கு வருவதற்கு முன்பே அதற்குள் இருந்தது.

சூடேற்றாமல் அச்சுத் துளை வழியாக இழுத்துத் தயாரிக்கப்படும் கம்பியில் மேற்புறமும் நடுப்பகுதியும் ஒரே அளவில் நீள்வதில்லை. அதனால் மேற்புறம் சுருங்கத் துடிக்கிறது, நடுப்பகுதி நீளத் துடிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதால் கம்பி நேராகத் தெரிகிறது. இருபுறமும் சமமாகக் கயிறு கட்டி இழுத்து நிறுத்திய பந்தல்காலில் ஒரு கயிற்றை அறுத்தால் கால் எந்தப் பக்கம் சாயும்? கீவே வெட்டும்போது நடப்பதும் அதுதான். ஒரு பக்கத்து இழுவிசை சில்லுகளோடு போய்விடுகிறது. எதிர்ப்பக்கம் தடையின்றிச் சுருங்க, வெட்டிய பக்கம் வெளியே புடைக்கிறது. எஃகு தன் பழைய கதையை இப்படிக் கண்ணெதிரே காட்டுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்தச் சிறு வளைவு கடலில் பெரிதாகிவிடும். நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சின், கியர்பாக்ஸில் பாதியாகக் குறைந்தாலும் ஷாப்ட் நொடிக்கு 25 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஷாப்டைத் தாங்கும் ரப்பர் பேரிங் உதை வாங்கித் தேய்கிறது.

சூடேற்றி விசையைத் தணிக்கலாமே என்றால் அங்கே ஒரு சிக்கல். இந்த எஃகைக் காப்பது குரோமியம் உருவாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். சுமார் 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நீண்ட நேரம் வைத்தால், குரோமியம் கார்பனோடு சேர்ந்து உலோக மணிகளின் எல்லைகளில் ஒதுங்கிவிடும். அதையொட்டிய இடங்களில் உப்புநீர் அரிக்கத் தொடங்கும். அதற்குக் குறைந்த வெப்பத்திலோ விசை முழுதாகத் தணியாது.

ஆகவே வேலையின் வரிசையை மாற்றுங்கள். விட்டத்தில் சிறிது மிச்சம் வைத்து முதலில் கீவேயைப் பெரும்பாலும் வெட்டிவிடுங்கள். வளைய வேண்டியது வளையட்டும். பிறகு வி வடிவப் பள்ளமுள்ள தாங்கிகளான வி பிளாக்குகளில் வைத்துச் சுழற்றி, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜால் அளந்து, பிரஸ்ஸில் மெல்ல நிமிர்த்தி, கடைசியாகக் கிரைண்டிங் செய்யுங்கள். ஒரு முழுச் சுற்றில் கேஜ் முள் 0.10 மில்லிமீட்டர் நகர்ந்தால் உண்மையான வளைவு 0.05 மட்டுமே, இதை மறந்து அதிகமாக நிமிர்த்துபவர்கள் உண்டு. புதிய இயந்திரங்களுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை இதைத் தொழிலாளர்களுக்குத் தமிழிலேயே கற்றுத்தரவும் ஒதுக்க வேண்டும் என்பேன்.

அடுத்த முறை புடைப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கீவேக்கு எதிர்ப்பக்கம் புடைத்திருந்தால், அந்தக் கம்பியை முன்பே யாரேனும் வளைத்து நிமிர்த்தியிருக்கலாம். வாங்கிய இடத்தில் விசாரியுங்கள்.